மூன்றாவது மாலை

விமானப்படைத் தளம் ஒன்றில் இடியன் என்றொரு பழைய போர் விமானம் இருந்தது. புது விமானங்கள் வரப்போகின்றன என்று அதற்கு ஏற்கெனவே இரண்டு தடவை மாலை போட்டு, மரியாதைக்காகத் தண்ணீரைப் பீய்ச்சியடித்து, வழியனுப்பு விழா நடத்தியாயிற்று. புதுசுதான் வந்தபாடில்லை. மறுநாளே மாலையைக் கழற்றிவிட்டு, "இடியா, கிளம்பு" என்று விமானி வந்து நிற்பார்.

ஊர் ரவுண்டானாவில் அதைத் தூக்கி நிறுத்துவதற்கான பீடம் மட்டும் தயாராக இருந்தது. அங்கே போய் நிற்க இடியனுக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. அங்கே மூக்கின்மேல் காக்கை உட்கார்ந்தாலும் விரட்ட ஆளிருக்காது.

மூன்றாவது விழா நடந்துகொண்டிருந்தபோது, நிஜமாகவே ஒரு புது விமானம் பளபளவென்று வந்து இறங்கியது.

"பெருசு, இனிமே எல்லாம் நான் பாத்துக்குறேன். நீ போய் ரவுண்டானாவுல நில்லு" என்றது.

"சரிப்பா" என்றது இடியன்.

ஊருக்குள் போயிருந்த, தளத்தில் விமானங்களை இழுத்துச் செல்லும் டிராக்டர் அப்போது மூச்சு வாங்கத் திரும்பி வந்தது. "இடியண்ணே, உங்க பீடத்துக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு கட்டுறாங்க! இப்ப வந்த இவரைவிடப் புது விமானத்துக்கு இன்னிக்கே ஆர்டர் கொடுத்துட்டாங்களாம்."

புது விமானத்தின் பளபளப்பு கொஞ்சம் மங்கியது.

"அண்ணே," என்றது மெதுவாக. "அந்தப் பீடம் யாருக்கு?"

இடியன் மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தது.

"பயப்படாதே தம்பி. அந்தப் புதுசு வந்து சேர்றதுக்குள்ள உனக்கும் மூணு மாலை விழுந்துடும்."