இருபது கிராம்

ரெய்யோவுக்கு எங்கள் ஆபீசில் இன்னொரு பெயர் உண்டு. இருபது கிராம். வைத்தவன் நான்.

அன்று அவனுக்கு வேலையில் கடைசி நாள். மூன்று மணிக்குக் கேக், காபி, பிரிவுப் பேச்சு. பேசப் போகிறவனும் நான்தான்.

புதிதாக வந்திருக்கும் மேலாளர் மாரித் காலையிலேயே என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"எஸ்கோ, தராசு டிரைவர்ல ஒரு வரி பார்த்தேன். எடையில சும்மா இருபது கிராம் கழிக்குது. பக்கத்துல 'என் தவறு. தொடாதீர்கள். ரெய்யோ'ன்னு குறிப்பு வேற."

"இருபத்தஞ்சு வருஷமா இருக்கு."

"தப்புன்னு தெரிஞ்சும் விட்டு வெச்சிருக்கீங்களா? அவர் கிளம்புறதுக்குள்ள சரி பண்ணிடலாமே. ஒரு பரிசு மாதிரி."

"பண்ணினா நாசம்."

எனக்கு விளக்கம் சொல்லப் பிடிக்காது. சொல்லித் தொலைத்தேன்.

கம்ப்யூட்டருக்கும் அதில் மாட்டுகிற கருவிக்கும் நடுவே பேசுகிற நிரல்தான் டிரைவர். அதை எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு. தராசு டிரைவர் இருபது கிராம் குறைத்துச் சொல்கிறது என்று நாங்கள் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது. அதற்குள் மீன் கூடம், வெண்ணெய் ஆலை என்று வாங்கினவர்கள் எல்லோரும் தங்கள் நிரலில் இருபதைக் கூட்டிக்கொண்டார்கள்.

"இப்ப நாம திருத்தினா, எல்லாருக்கும் இருபது கிராம் கூடுதலாக் காட்டும்" என்றேன். "நமக்குள்ள எதை வேணா மாத்து. வெளியே ஆளுங்க நம்பி இருக்கறதை மாத்தாதே."

"பாவம், ரெய்யோ."

"என்ன பாவம்? சோதிக்கறப்ப வெச்ச தட்டோட எடையைக் கழிச்சான். அப்புறம் அந்த வரியை எடுக்க மறந்துட்டான். கவனம் இல்லாத ஆளு."

எத்தனையோ தடவை சொன்ன கதை. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் அவன் தட்டில் ஒரு இருபது கிராம் எடைக்கல்லை வைப்பேன். எல்லோரும் கை தட்டுவார்கள். அவனும் சிரிப்பான்.

பேச்சில் சொல்லச் சில பழைய தேதிகள் வேண்டும். பழைய மெயில்களைத் திறந்தேன்.

தம்பெரே நகரத்தில் அப்போது எங்களுக்கு அடித்தள அறை. இரண்டு பேருக்கு ஒரே மேஜை. கணப்பில் ஈர பூட்ஸ் காயும் நாற்றம். அவன் வீட்டுக் ரை தானிய ரொட்டியில் பாதி எனக்கு. ஜன்னலில் பனியும் போகிறவர்கள் காலும்தான் தெரியும். நல்ல நாட்கள்.

ஒரு மெயில் கண்ணில் பட்டது. நான் அவனுக்கு எழுதியது.

'தராசு டிரைவர் முடிந்தது. பிர்யோவுக்கு வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறேன். நீயே அனுப்பிவிடு.'

பிர்யோ என் மனைவி. மெயிலோடு நிரலும் இருந்தது. திறந்தேன்.

கழித்தல் இருபது. அதே வரி. நான் எழுதின வரி. பக்கத்தில் எந்தக் குறிப்பும் இல்லை.

மாடிப்படியில் அவனைப் பிடித்தேன்.

"டேய், அந்த வரி என்னுது."

அவன் நின்று திரும்பினான்.

"பழசை எல்லாம் சேத்து வெக்காதேன்னு சொன்னேன், கேட்டியா?"

"'நீ போனப்புறம் நான்தான் தட்டை வெச்சு சோதிச்சேன்'னு சொன்னியேடா!"

"நீ அப்ப நிரந்தரம் ஆகலை. அப்ப இருந்த முதலாளி உன்னைத் துரத்த ஒரு சாக்குத் தேடிக்கிட்டிருந்தார். வீட்டுல ரெண்டு மாசக் குழந்தை. என்னை என்ன பண்ணிடுவார்?"

"குழுத் தலைவர் பதவி உனக்கு வர வேண்டியது. இந்தத் தப்பாலதான் எனக்கு வந்தது."

"போனாப் போகுது. நாள் பூரா மீட்டிங்ல உக்காரணும். உனக்குத்தான் அது லாயக்கு."

"மூணு மணிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன்."

என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.

"எஸ்கோ, மூளை இருக்கா? அது வெளியே போய் இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. எல்லாரும் பழகிட்டாங்க, நானும் பழகிட்டேன். இப்பப் போய்த் திருத்துவியா? பழைய பழக்கத்தைக் காப்பாத்தணும்னு நீதானே எல்லாருக்கும் பாடம் எடுப்பே?"

மேஜைக்குத் திரும்பி, அந்த டிரைவரைத் திறந்தேன்.

கழித்தல் இருபதைத் தொடவில்லை. அதை நம்பி நாலாயிரம் தராசு ஓடுகிறது.

பக்கத்துக் குறிப்பை எந்தத் தராசும் படிப்பதில்லை. மனிதர்கள்தான் படிப்பார்கள். அதில் 'ரெய்யோ'வை அழித்து 'எஸ்கோ' என்று எழுதினேன்.