படம்: அனுசுயா

பேனரின் கீழ் மூலையில் இருந்த பெயரைப் படித்ததும் மனோகரனுக்குக் காது மடல் வரை சுட்டது. ‘படம்: அனுசுயா’ என்று போட்டு, பக்கத்திலேயே ஒரு மே மாதத் தேதியும் போட்டிருந்தது.

அயனம்பாக்கம் ஏரிக்குப் போகும் சாலைத் திருப்பத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு நின்றது அந்தப் பேனர். முழங்கால் தண்ணீரில் ஒரு மஞ்சள் மூக்கு நாரை. அதை ஒட்டினாற்போல் பின்னால் ஒரு கரண்டுக் கோபுரம், ஒரு பக்கக் கை வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. ‘ஏரியோர வாழ்க்கை உங்களை அழைக்கிறது. ஞாயிறு முதல் புக்கிங்’ என்று மேலே கொட்டை எழுத்து.

ஞாயிறுதோறும் ஏரிக்கரையில் குப்பை பொறுக்கும் கூட்டத்துக்கு மனோகரன்தான் தலைவர். ஏரியின் ஒரு மூலையை லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கி, அங்கே பிளாட் கட்டப் போகிறார்கள் என்று மனு மேல் மனு போட்டவர். அனுசுயா எடுத்த படங்களையும் கத்தையாக இணைத்துத்தான் கொடுத்தார். இது எந்த ஊர் ஏரியோ, எந்த மழையில் தேங்கிய தண்ணீரோ என்று அதிகாரிகள் கைவிரித்துவிட்டார்கள்.

அந்த அனுசுயாதான் இப்போது பில்டருக்கே படம் கொடுத்திருக்கிறாள். பேனருக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தவளிடம் நேராகப் போய்க் கேட்டார்.

“இன்னா அனுசுயா இது?”

“நான்தாண்ணா குடுத்தேன். வந்து கேட்டாங்க.”

“எவ்ளோ வாங்கின?”

“பத்து பைசா வாங்கல.”

அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது. காசுக்கு விற்றிருந்தாலாவது வீட்டில் என்ன கஷ்டமோ என்று விட்டுவிடலாம். சும்மா தூக்கிக் கொடுத்தவளை என்ன சொல்லித் திட்டுவது? வீடு போய்ச் சேர்வதற்குள் அவளை வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்.

அனுசுயா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் சரக்கைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவளுக்கு. லீவு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு வேடந்தாங்கல், பழவேற்காடு, கோடியக்கரை என்று கிளம்பிவிடுவாள். எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து நிற்பது இந்த ஏரிக்கரையில்தான், பிறந்து வளர்ந்த இடமாயிற்றே. இப்போது அதே கரையில், கூட்டாளிகள் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் தலையைக் குனியாமல் நடந்தாள்.

படம் கேட்டு பில்டர் தட்சிணாமூர்த்தியே அவள் வீட்டுக்கு வந்திருந்தார். கோபுரம் மட்டும் லட்சணமாக இல்லை, கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம் என்றார். அவள் மசியவில்லை.

“அதுல ஒரு கம்பியக்கூட அழிக்கக் கூடாது சார். என் பேரும், எடுத்த தேதியும் போடணும். இல்லாங்காட்டி படம் கெடையாது.”

படம் எடுக்கிறவர்களுக்கே உள்ள கிறுக்கு என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார் அவர். போதாததற்கு, ‘நம் மனையிலேயே எடுத்த அசல் படம்’ என்று ஒரு வரியையும் தன் பங்குக்குச் சேர்த்தார். இன்டர்நெட்டில் சுட்ட படம் என்று எவனும் சொல்லிவிடக் கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை மனையில் பந்தல், மேளம், கேசரி என்று அமர்க்களப்பட்டது. பி பிளாக் வரப்போகும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்குள்தான் நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். மேடை ஓரத்தில் அதே படம் இன்னொரு பேனராக நின்றது. வாசலில் தன் ஆட்களோடு கைகட்டி நின்றார் மனோகரன். காவலாளி உள்ளே விடவில்லை. மேடையில் அனுசுயாவைப் பார்த்ததும் அவர் பல்லைக் கடித்தார்.

தட்சிணாமூர்த்தி அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தார். இந்தப் படத்தை எங்கே எடுத்தீர்கள் என்று நம் வாடிக்கையாளர்களுக்கு உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் மேடம் என்றார்.

“இங்கதான் எடுத்தேன். மழையே இல்லாத மே மாசத்துல. தேதி கீழயே போட்டுக்கீது.”

கோடையிலும் வற்றாத ஏரி என்று தட்சிணாமூர்த்தி பெருமையாக எடுத்துக் கொடுத்தார். கூட்டம் கை தட்டியது.

முன்வரிசையில் ஜெயப்பிரியா எழுந்தாள். சேலத்திலிருந்து வந்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். பக்கத்தில் கணவன் செக்கில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தான்.

“மேடம், எங்களுக்கு பி பிளாக்ல கிரவுண்ட் ஃப்ளோர். எங்க பால்கனியில நின்னா இந்த நாரை தெரியுமா?”

அனுசுயா பொன்னாடையைக் கழற்றி, மடித்து, தட்சிணாமூர்த்தியின் நாற்காலியில் வைத்தாள். பேனரில் இருந்த கோபுரத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு நாற்காலிகளுக்குப் பின்னால், பந்தலை ஒட்டி நின்ற கோபுரத்தைக் கை நீட்டிக் காட்டினாள். எல்லாத் தலைகளும் திரும்பின. அதே கோபுரம், அதே வளைந்த கை. வாசலில் மனோகரன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

தட்சிணாமூர்த்தி மைக்கைப் பிடுங்க எழுந்தார். அவள் விடவில்லை.

“பால்கனிக்கு இன்னாத்துக்குமா போவணும்? அது நிக்கறதே உங்க ஊட்டு ஹால்லதான்.”