ஆட்சேபணை உண்டா?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒரு பள்ளி நூலகத்தில், வரலாற்று ஆசிரியர்களுக்கான பயிற்சி முடியும் நேரம். செனட் சபை நடப்பதை நடித்துக் காட்டும் வகுப்பு. ஜனநாயகத்தைத் தானே பெற்றெடுத்த தோரணையில் பயிற்றுநர் பிரெஸ்காட் சுத்தியலைத் தூக்குகிறார். லோர்னா டீச்சரின் கை கார்ச் சாவியில் இருக்கிறது. உடனே கிளம்பினால்தான் ராணுவத்துக்குப் போகும் மகளைப் பேருந்து ஏறுமுன் பார்க்கலாம். எதிரே காலி நாற்காலி. அதன் முன்னால் யாரோ தவறுதலாகப் போன வருடத்துப் பெயரட்டையை வைத்திருக்கிறார்கள்: டெல்பர்ட் ஹூல்ம். எந்தக் கூட்டத்தையும் முடியவிடாத மனுஷன், மார்ச்சில்தான் புதைத்தார்கள். "அந்த அட்டைய எடுத்துருங்க சார்," என்கிறாள் லோர்னா. "இருக்கட்டும்மா. சபையக் கலைக்கலாமா? ஒருத்தர் ஆட்சேபிச்சாலும் தொடரணும், அதான் மரபு." ஏசியின் இரைச்சல் சட்டென அடங்குகிறது. "ஆட்சேபிக்கிறேன்," என்கிறது டெல்பர்ட்டின் கரகரத்த குரல். பிரெஸ்காட் தலை நிமிராமலே, "சரி, ஹூல்ம்," என்று பக்கத்தைப் புரட்டுகிறார். "செத்தும் விடமாட்டேங்குறான் பாருடி," என்று வெர்னா டீச்சர் முணுமுணுக்கிறாள். எழுந்தவர்கள் எல்லாரும் பழக்கதோஷத்தில் மறுபடி உட்காருகிறார்கள். லோர்னாவின் முழங்கால்களும் தாமாகவே மடங்குகின்றன. ஜன்னலுக்கு வெளியே, நெடுஞ்சாலையில், பேருந்து கடந்து போகிறது.