எந்தக் கால்

கண்ணாடித் தொட்டிக்குள் தண்ணீர் துரையின் வயிறு வரை ஏறியிருந்தது. காலடியில் டிரெட்மில் பட்டை ஓடத் தொடங்கியது.

துரை நடந்தது.

நொண்டவில்லை.

முன்பக்கம் அவள், வேகவைத்த கோழி ஈரலை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு. பின்பக்கம் அவள் கணவர், நாயின் இடுப்பைச் சுற்றிய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு. ஒருவர் கூப்பிட வேண்டும், ஒருவர் தாங்க வேண்டும். அந்த நாய் ஆஸ்பத்திரியின் விதி அது. ஒருவர் மட்டும் வந்தால் தொட்டியில் இறக்க மாட்டார்கள்.

டாக்டர் கலையரசி குனிந்து கண்ணாடி வழியே பின்னங்கால்களைப் பார்த்தார். ஆபரேஷன் செய்த வலது கால், இடது காலுக்குச் சமமாக மிதித்தது.

"நல்லாயிட்டான். இனி வர வேண்டியதில்லைங்க."

நல்ல செய்திதான். அவள் விரலிலிருந்த ஈரலைக் கொடுக்க மறந்தாள்.

சில மாதங்களுக்கு முன்பு துரை மொட்டை மாடியிலிருந்து குரங்கைத் துரத்திக்கொண்டு குதித்திருந்தது. குரங்கு வேப்பங்கிளையைப் பிடித்துக்கொண்டது. தனக்குக் கை இல்லை என்பது துரைக்குப் பாதி வழியில்தான் தெரிந்தது.

அதற்கு முன்பு பல வருடங்களாக அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு இல்லை. ஏதோ ஒரு கல்யாணத்தில் யாரோ யாரையோ முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை. யார், யாரை என்பது இருவருக்குமே மறந்துவிட்டது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், பேச வேண்டுமே.

அந்த வீட்டுப் பல்லி சத்தம் போடுவதற்கு முன் அக்கம்பக்கம் பார்க்கும். குக்கர், வந்த விசிலைப் பாதியில் விழுங்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி.

அவசரத்துக்கு நாய் இருந்தது.

"துரை, இட்லி ஆறுதுன்னு சொல்லு."

"துரை, பசிக்கலைன்னு சொல்லு."

துரை நடுவில் படுத்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பும். திருப்பித் திருப்பி அதன் கழுத்து மட்டும் பயில்வான் கழுத்தாகிவிட்டது.

ஆபரேஷன் முடிந்து வந்ததும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து துரையின் காலை மடக்கி நீட்டச் சொன்னார்கள். அவள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் காலைப் பிடித்தார். துரை முனகியது.

"மெதுவா புடிங்க."

யாரிடம் சொன்னோம் என்பது, வாயை விட்டு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"இப்பச் சரியா?" என்றார் அவர்.

நாயைக் கேட்கவில்லை.

அங்கிருந்து தொடங்கியது. மெதுவா. போதும். அந்தத் துண்டை எடுங்க. பிறகு மாத்திரை, பிறகு ஆட்டோ, பிறகு வழியில் ஆளுக்கொரு இளநீர் குடிக்கலாமா என்பது வரை. கால் தேறத் தேறப் பேச்சும் தேறியது.

கால் முழுக்கத் தேறிவிட்டால்?

போன வாரம் டாக்டர் பயிற்சிக்கு லீவு விட்டிருந்தார். முதல் நாள் எப்படியோ சமாளித்தார்கள். மறுநாள் சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"துரை, ரசம் இருக்கான்னு கேளு."

அவள் ரசத்தை ஊற்றினாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தொட்டியில் தண்ணீர் வடிந்தது. துரை வெளியே வந்து உடம்பை உதறி, டாக்டரை முக்கால்வாசி நனைத்தது. கணவர் பெல்ட்டை அவிழ்த்தார். அவள் துடைத்துவிட்டாள். ஈரல் தீர்ந்திருந்தது. இருவரும் செருப்பை மாட்டினார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

துரை அவளைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. பழைய பழக்கம்.

வாசற்படி வரை நாலு கால்.

படி தாண்டியதும் மூன்று.

பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது. நடுநடுவே முனகல் வேறு.

இடது கால்.

அவள் பார்த்தாள். அவர் பார்ப்பதையும் பார்த்தாள்.

டாக்டர் ஈரக் கோட்டோடு ஓடி வந்தார். "என்னாச்சுங்க? எந்தக் கால்?"

அதற்குள் துரை இருவருக்கும் நடுவில் படுத்து, இருக்கிற கால் அத்தனையையும் உடம்புக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டது.

அவள் வாயைத் திறந்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"வலதுதானுங்க டாக்டர்."

"ஆமாங்க, வலதேதான்," என்றாள் அவள். "பாவம், மிதிக்கவே முடியல."

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

டாக்டர் துரையைப் பார்த்தார். துரை ஆகாயத்தைப் பார்த்தது. பிறகு டாக்டர் அவர்கள் இருவரையும் பார்த்தார்.

"அப்ப புதன்கிழமை கூட்டிட்டு வாங்க," என்றார். "ரெண்டு பேரும்."

ஆட்டோவில் துரை இரண்டு மடிக்கும் குறுக்கே கிடந்தது. தலை அவள் பக்கம். வால் அவர் பக்கம். வால் வழியெல்லாம் அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டே வந்தது.

சிங்காநல்லூர் சிக்னலில் வண்டி நின்றது.

அவள் ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஏனுங்க, அவன்கிட்டச் சொல்லி வைங்க. வலது கால்னு."