முள் இல்லாத பனை

"பாருங்க மாப்பிள்ளை, ரத்தம்!" மாமனார் தன் விரலை எல்லோர் முகத்துக்கு நேராகவும் நீட்டிக் காட்டினார். "ஹவாய் விசிறிப் பனைக்கு முள்ளே கிடையாதுன்னு அடிச்சுச் சொன்னீங்களே? இது என்ன, கொசு கடிச்சதா?"

மருமகன் குனிந்து இலைக்காம்பைத் தடவிப் பார்த்தான். இரண்டு ஓரத்திலும் ரம்பம் மாதிரி முள். விதை போட்டு, நாலு வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்த செடி. அவன் முகம் வெளிறிப் போனது.

இந்தப் பனைகளை வளர்த்து விற்க, பின்பக்கத் தோட்டத்தில் ஒரு நர்சரி போட வேண்டும் என்பது அவன் ஆசை. அதை நம்பி வேலையை விடுவதாகக் கடிதமும் கொடுத்துவிட்டான். மாமியாரும் சரி சொல்லிவிட்டாள். மாமனாருக்கோ அதே இடத்தில் கார் ஷெட் போட வேண்டும்.

"நாங்க மூணு பேரும் கல்யாணத்துக்குக் கிளம்பினப்ப முள் இல்ல மாமா. நேத்து ராத்திரி வர்றதுக்குள்ள யாரோ செடியை மாத்திட்டாங்க."

"ஆமா! திருடன் சுவரேறிக் குதிச்சு, உங்க செடியைப் பிடுங்கிக்கிட்டு, போனாப் போகுதுன்னு வேற ஒண்ணை நட்டுட்டுப் போனானாக்கும்! பத்து நாளும் வேளை தவறாம தண்ணி ஊத்தினவன் நான். எனக்குத் தெரியாம ஒரு பூனைகூட உள்ள வந்திருக்காது."

மாமியார் மருமகனை மேலும் கீழும் பார்த்தாள். "எது என்ன செடின்னே தெரியாமதான் நர்சரி வைக்கக் கிளம்பினீங்களா மாப்பிள்ளை? இல்ல, எங்ககிட்ட கதை விட்டீங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்ல அத்தை!"

மகளுக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குப்பா வாய்ச்சண்டை? விஷயம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டிடலாம்."

"வெளியாள் எதுக்கும்மா? நம்ம வீட்டு மானம் நம்மளோட போகட்டும்."

அவளா கேட்பாள்? சாயங்காலமே பெரிய ரோட்டு நர்சரிக்காரரைக் கையோடு அழைத்து வந்துவிட்டாள். மாமனார் தலைவலி என்று சொல்லி அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். ஜன்னல் மட்டும் திறந்திருந்தது.

நர்சரிக்காரர் காம்பைத் தொட்டார், இலையைப் புரட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

"இது ஹவாய்ப் பனை இல்லைங்க. அதுல காம்பு வழவழன்னு இருக்கும். இலையும் அகலமா, விரிச்ச விசிறியாட்டம் நிக்கும். இது நுனியெல்லாம் கிழிஞ்சு தொங்குது பாருங்க. சாதா விசிறிப் பனைதான்."

மருமகன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"அப்ப அவர் சொன்னதுதான் சரி. ஷெட்டே போட்டுக்கட்டும்," என்றாள் மாமியார்.

அதைக் கேட்டதும் மாமனாருக்குப் படுக்கை கொள்ளவில்லை. தலைவலி போன இடம் தெரியவில்லை. போட்டிருந்த பனியனோடு தோட்டத்துக்கு ஓடி வந்தார்.

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? நான்தான் காலையிலேயே சொன்னேனே!"

நர்சரிக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"அட, சார் வீடா இது! போன வாரம் எங்கிட்ட வாங்கிட்டு வந்த கன்னு, அதுக்குள்ள நல்லாப் புடிச்சுக்கிச்சே!"