புது உறுப்பினர் வீரய்யா

‘அண்மையில் படித்த புத்தகம் எது?’ என்ற கேள்வியில் வீரய்யாவின் கட்டைவிரல் நின்றுவிட்டது. பெயரையும் ஊரையும் அடித்தாயிற்று. அதற்கு மேல் எழுத அவரிடம் எதுவும் இல்லை.

“சட்டுபுட்டுன்னு எதையாச்சும் எழுதிப் போடுங்க மச்சான்,” என்றான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அடைக்கலம். வீரய்யாவின் மனைவிக்குத் தம்பி.

வீரய்யா திருமயத்தில் பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். அவருடைய ஒரே மகள் சுடர்விழி, இந்த வாட்ஸப் வாசகர் குழுவில் பழகிய ஆனந்தோடு போன வாரம் வீட்டை விட்டுப் போய்விட்டாள். பழைய சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டாள். ஆனால் புத்தகப் பேச்சு இல்லாமல் அவளால் இருக்க முடியாது. புது எண்ணில் இந்தக் குழுவில்தான் இருப்பாள் என்று வீரய்யாவுக்கு நிச்சயமாகத் தெரியும்.

குழுவில் சேர்கிறவர்கள் முதலில் தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். செய்யாதவர்களை நீக்கிவிடுவார்களாம்.

மகள் போன நாளிலிருந்து அடைக்கலம் அவரை விட்டு நகரவே இல்லை. சாப்பிடும்போதும் பக்கத்தில், படுக்கும்போதும் பக்கத்தில். “நடந்தது நடந்துபோச்சு மச்சான். நம்மளே கல்யாணத்த முடிச்சு வச்சிருவோம், வீட்டுக்கு வாங்கன்னு அவ கூட்டாளிப் புள்ள மூலமா சொல்லி விட்ருக்கேன். வரலாமா வேண்டாமான்னு யோசிக்கிறாளாம். நீங்க ஒரு வார்த்தை பேசுனாப் போதும்.”

“ஆமா மாப்ள. நான் சொன்னா கேப்பா.”

‘நிறையப் படிப்பேன். கதைப் புத்தகம் ரொம்பப் பிடிக்கும்’ என்று எழுதி அனுப்பினார். உடனே பூக்களும் கும்பிட்ட கைகளும் வந்து விழுந்தன. ‘யாருடைய கதைகள் ஐயா?’ என்று ஒருவர் கேட்டார்.  வீரய்யாவுக்கு ஒரு பெயர்கூடத் தெரியாது.

அப்போது போன் அடித்தது. குழுவை நடத்தும் ஷீபா. வீரய்யா எழுந்து கடை வாசலுக்குப் போனார். அடைக்கலமும் பின்னாலேயே வந்தான்.

“அங்கிட்டு எதுக்குப் போறீங்க? ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்குறேன்.”

“நீங்க சுடர்விழியோட அப்பாதானே?” ஷீபாவின் குரலில் கோபம் இருந்தது. “அவங்க சின்னப் பொண்ணு இல்லைங்க. நிம்மதியா இருக்கட்டும், விட்ருங்க. ஒங்கள குரூப்ல இருந்து எடுக்கப்போறேன்.”

“அம்மா, அம்மா, வச்சிராதம்மா! ஒரே ஒரு தடவை அவகூடப் பேசணும். ஒன் கால்ல வேணாலும் விழுறேன்.”

“எல்லாரும் இப்படித்தாங்க கெஞ்சுறாங்க.” போன் துண்டிக்கப்பட்டது.

நீக்குவதற்குள் மகள் காதில் விழுந்தாக வேண்டும். அடைக்கலம் போனுக்குப் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு நிற்க, வீரய்யா குரல் பதியும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“வணக்கங்க. என் பேரு வீரய்யா. மோட்டாருக்குக் காயில் கட்டுறவன். முன்ன எழுதுனது பொய்யிங்க, நான் ஒரு புத்தகமும் படிச்சதில்ல. என் மகதான் படிப்பா. நான் சாப்பிட உக்காந்தா, படிச்ச கதைய எனக்குச் சொல்லுவா. கதையில யாராச்சும் செத்துப்போனா எனக்குச் சோறு எறங்காது. அதுக்காக முடிவ மாத்திச் சொல்லுவா. அவ மாத்துறது எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டுக்கிட்டு இருப்பேன். சுடரு, அப்பாவுக்கு ஒரு போன் பண்ணு தாயி…”

குரல் போய்ச் சேர்ந்தது. அடுத்த நிமிடமே அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

“கேட்டிருப்பாளா மாப்ள?”

“கேட்டிருந்தா ஓடியாந்துருவா. கல்லும் கரைஞ்சிரும் மச்சான்,” என்று தோளைத் தட்டினான் அடைக்கலம்.

வீட்டிலிருந்து வந்த மதியச் சாப்பாடு ஆறிப்போய்க் கிடந்தது. வீரய்யா கும்பிடாத சாமியில்லை. வெயில் தாழ்ந்த நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவர் எடுப்பதற்குள் அடைக்கலமே ஸ்பீக்கரை அழுத்தினான்.

“அப்பா…”

பின்னால் பஸ் ஓடும் இரைச்சல்.

“மாமா சொல்லி விட்டத நான் நம்பலப்பா. ஒங்க கொரலக் கேட்டதுக்கப்பறம் எங்களால இருக்க முடியல.” அவள் அழுதுகொண்டே சிரித்தாள். “பஸ் ஏறிட்டோம். நேரா வீட்டுக்குத்தான் வாரோம். வரலாம்லப்பா?”

அடைக்கலத்தின் முகம் மலர்ந்தது. ‘வரச் சொல்லுங்க’ என்று கையைக் காட்டினான்.

வீரய்யா போனை இரண்டு கைகளாலும் வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினார்.

“வராத தாயி! வெட்டத்தான் கூப்பிடுறான் ஒங்க மாமன்!”