மூதாதையின் முகவரி

உலகத்து ஈஸ்ட் பூஞ்சைகளுக்கெல்லாம் மூதாதை நம் மலைக்காட்டு மரத்தில் வாழ்கிறது என்று பேராசிரியர் அருமைநாயகம் அறிவித்தார். அதற்குத் தன் பெயரையே வைப்பதாகவும் முடிவு செய்திருந்தார். ஆயிரம் ஈஸ்டுகளின் மரபணுக்களை ஒப்பிட்டு வரைந்த வம்சவிருட்சம் திரையில் விரிந்தது. எல்லாக் கிளைகளையும் விட்டு விலகி, கோடி வருடத் தனிமையோடு ஒரே ஒரு கிளை நீண்டு கிடந்தது. அரங்கமே கைதட்டியது.

“அதே கிளையில இன்னொரு புள்ளி இருக்கே, அது என்னங்க?” என்றார் துணைவேந்தர்.

ஆய்வக உதவியாளர் மரியபுஷ்பம் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேராசிரியரிடம் திரும்பினார். “கலப்படம் இருக்கான்னு பாக்க, நம்ம ஆளுங்க கைகால்லயும் சுரண்டி எடுத்தோம்ல சார், அதுல ஒண்ணு. சாமி மரம்னு செருப்பைக் கழட்டிட்டு ஏறுனது நீங்க மட்டும்தான்.”

கோடி வருட மூதாதை, பேராசிரியரின் இடது கால் பெருவிரல் நகச்சொத்தையில் குடியிருந்தது.